திருப்பணிக்கு முன் அறிய வேண்டியவை

சிதைந்து நிற்கும் பழைமையான திருக்கோயிலொன்றைக் காணும் அன்பர் உள்ளத்தில் முதலில் எழும் வினா, பணத்திற்கு எங்கே போவது என்பதே. அதற்கு விடை உண்டு. ஆயினும் அதற்கும் முன்பாகக் கேட்க வேண்டிய வினா ஒன்றுளது: இக்கோயிலில் இன்று என்னென்ன எஞ்சியுள்ளன?

கண்டராதித்த சோழரின் தேவியாரான செம்பியன் மாதேவியார் 10-ஆம் நூற்றாண்டில் பல செங்கற் கோயில்களைக் கற்றளிகளாக எடுப்பித்தவர். திருக்கோடிக்காவில் திருப்பணி நடைபெற்றபோது, பழைய கற்களிலிருந்த சாசனங்கள் படியெடுக்கப்பட்டுப் புதிய சுவரில் மீண்டும் பொறிக்கப்பெற்றன. முன்னோர் வழங்கிய நிலமும் விளக்கும் மறைந்துபோகலாகாது என்று அரசியார் கருதியமையால்தான் அக்கொடைகளை இன்றும் நாம் அறிகின்றோம்.

நம் காலத்தில் நிகழ்ந்தவற்றை எண்ணினால் வருத்தமே மிஞ்சுகின்றது. நன்கொடை சேர்ந்தவுடன் குடமுழுக்கிற்கு நாள் குறித்துவிட்டு, அந்நாளுக்குள் முடிக்க வேண்டுமென்று விரைந்து வேலை செய்த ஊர்கள் பல. மணலை விசையுடன் பீய்ச்சிக் கற்சுவரைத் தூய்மை செய்கையில் கல்லின் மேற்பரப்பே உதிர்ந்துவிடும். ஆழம் குறைந்த எழுத்துகள் அத்துடன் அழியும். பிராகாரத்தில் மேலும் மேலும் தளம் பாவுவதால் கல்வெட்டுடன் கூடிய அதிட்டானம் மண்ணுக்குள் போய்விடும். சுண்ணாம்புக் காரையால் கட்டிய விமானம் உள்ளே புகுந்த ஈரத்தை மெல்ல வெளியேற்றிக்கொள்ளும் இயல்புடையது. அதன்மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கிச் செங்கல்லை அரிக்கும். கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரில் சுண்ணாம்பு அரைத்த நம் கொத்தர்கள் இதனை நன்கு அறிந்திருந்தனர்.

இனி, முறை யாதெனக் காண்போம். கோயில் மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளதா, மாநிலத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளதா, இந்து சமய அறநிலையத் துறையைச் சார்ந்ததா என்பதை முதலில் தெளிந்துகொள்ள வேண்டும். மத்தியத் துறையின் பாதுகாப்பில் உள்ளதாயின், 100 மீட்டர் எல்லைக்குள் புதுக் கட்டுமானத்திற்கே தடை உண்டு. அறநிலையத் துறையைச் சார்ந்ததாயின், செயல் அலுவலர் அல்லது உதவி ஆணையர் அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். தொல்லியல் வல்லுநர், தபதி, பொறியாளர் ஆகியோர் பார்வையிட்டபின், மண்டல அளவிலும் மாநில அளவிலும் அமைந்த வல்லுநர் குழுக்கள் பணிகளை ஆராய்ந்து ஒப்புதல் வழங்கும். அதன் பின்னரே பாலாலயம். இவ்வளவு காலம் ஆகின்றதே என்று அன்பர்கள் சலிப்பதுண்டு. உடைத்த கல்லை மீண்டும் ஒட்ட இயலாது என்பதை அவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

நிதி பல வழிகளில் வரும். திருக்கோயிலின் சொந்த நிதி, உபயதாரர் நன்கொடை, துறையின் பொது நல நிதி ஆகியவை நெடுநாளாக உள்ளவை. கிராமப்புறக் கோயில்களுக்கும், ஆதிதிராவிடர், பழங்குடியினர் குடியிருப்புகளில் உள்ள கோயில்களுக்கும் 2022-2023 நிதியாண்டில் கோயிலொன்றுக்கு 2 இலட்சம் ரூபாய் திருப்பணி உதவியாக வழங்கப்பெற்றது. 1000 ஆண்டுகளுக்கு மேற்பட்ட தொன்மையான கோயில்களுக்கென அரசு அதே நிதியாண்டில் 100 கோடி ரூபாய் ஒதுக்கியது. நடப்பாண்டின் தொகையை உதவி ஆணையர் அலுவலகத்தில் கேட்டறியலாம். உபயதாரர்கள் பொருளாகவே வழங்கவும் இடமுண்டு. ஆனால் எக்கல், எச்சாந்து என்பதை வல்லுநர் குறித்த பின்னரே வாங்க வேண்டும். லாரியில் கிரானைட் பலகைகளைக் கொண்டுவந்து இறக்கிவிட்டு, இதனைப் பதித்தே ஆகவேண்டும் என்பது பக்தியாகாது.

முறைப்படி செய்தால் பயன் விளைவதற்குச் சான்றுகள் உள்ளன. திருவரங்கம் அரங்கநாத சுவாமி திருக்கோயிலின் திருப்பணிக்கு 2017-இல் யுனெஸ்கோ விருது கிடைத்தது. கும்பகோணத்தை அடுத்த துக்காச்சி ஆபத்சகாயேசுவரர் திருக்கோயிலுக்கு 2024-இல் அவ்விருது வழங்கப்பெற்றது.

விண்ணப்பிக்கச் செல்லும் முன் செலவின்றிச் செய்யத்தக்க பணி ஒன்றுண்டு. விமானம், சுவர், தூண், திருமேனிகள் அனைத்தையும் நாற்புறமும் புகைப்படம் எடுத்து நாளிட்டு வைத்தல் வேண்டும். ஊர்ப் பெயரைக் கொண்டு தென்னிந்தியக் கல்வெட்டுகள் என்னும் தொகுதிகளில் தேடினால், தம் கோயிலின் சாசனம் ஏற்கெனவே அச்சேறியிருப்பது தெரியவரலாம். புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில், 1950-களின் நடுப்பகுதியிலிருந்து எடுத்த கோயிற் புகைப்படங்கள் இலட்சத்திற்கும் மேலாக உள்ளன. தம் ஊர்க் கோயிலின் பழைய தோற்றம் அங்கே கிடைத்தால், அதன் படியொன்றையும் விண்ணப்பத்துடன் இணைக்கலாம்.