திறந்த பாடம்

தஞ்சை வளநாட்டில் நெல்லுக்கு அடுத்தபடியாகச் சேர்த்து வைக்கப்பெற்ற செல்வம் ஏட்டுச் சுவடிகளேயாம். திருவாவடுதுறை, தருமபுரம் முதலிய மடங்களிலும், தஞ்சை அரண்மனையிலும், புலவர் இல்லங்களிலும் அவை கட்டுக்கட்டாக இருந்தன. ஏடு உடையவர் மனமுவந்து அளித்தாலன்றி மாணாக்கன் அதனைப் படியெடுத்தல் இயலாது. இரவல் பெற்றோர் திருப்பித் தாராமையும் உண்டு. ஆதலின், மறுத்தவரை முழுதும் குறை கூறுதல் தகாது. ஆயினும் மறுப்பினால் விளைந்த கேடு பெரிது. படியெடுக்கப்படாத ஏடுகள் பலவற்றைச் செல் அரித்தது. சிலவற்றை ஆடிப்பெருக்கு நாளில் ஆற்று வெள்ளத்தில் விட்டனர்.

கும்பகோணம் அரசினர் கல்லூரியில் 1880ஆம் ஆண்டு தமிழாசிரியராக அமர்ந்தவர் உ. வே. சாமிநாதையர். அவ்வூரில் முன்சீபாக இருந்த சேலம் இராமசாமி முதலியார், சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டோ என்று அவரை வினவினார். படித்திராத ஐயரிடம் தம்பால் இருந்த படியையும் தந்தார். நச்சினார்க்கினியர் உரையில் வரும் சமண சமயக் கருத்துகள் பல ஐயருக்கு விளங்கவில்லை. கல்லூரியில் அவற்றை விளக்குவார் இல்லை. அவர் கும்பகோணத்துச் சமணர் இல்லங்களுக்குச் சென்று, அந்நூலை வழிவழியாக ஓதி வந்தோரிடம் ஐயம் தெளிந்தார். 1887இல் நூல் அச்சாயிற்று. பின்னர்க் கிடைத்த சுவடிகளையும் ஒப்பிட்டு, 1907இல் திருத்திய இரண்டாம் பதிப்பையும் வெளியிட்டார். ஒருவர் ஏடு தந்தார், சிலர் பொருள் உரைத்தனர், ஆசிரியர் ஆராய்ந்து உலகிற்கு அளித்தார், பின்னும் திருத்தினார். இன்று அறிஞர் ‘திறந்த கல்வி நடைமுறை’ என்று கூறுவதும் ஏறத்தாழ இதுவே. பெயர்தான் புதிது.

மன்னர் இரண்டாம் சரபோஜி பெருக்கி வைத்த சரசுவதி மகால் நூலகம் 1918இல் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. அரண்மனைக் கதவு திறந்தது பெருநன்மையே. எனினும், நெடுந்தொலைவிலுள்ள மாணவன் தஞ்சைக்கு வந்தே தீரவேண்டியிருந்தது. கணிப்பொறியும் இணையமும் அத்தடையை அகற்றின. 1998ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில் மதுரைத் திட்டம் தொடங்கியது. சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கு. கல்யாணசுந்தரம் முதலிய தன்னார்வலர், தத்தம் ஊரில் இருந்தவாறே தமிழ் நூல்களைத் தட்டச்சிட்டும் பிழை திருத்தியும் விலையின்றி வழங்கினர். 2001இல் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் தோன்றியது. இன்று தமிழ் இணையக் கல்விக்கழகம் எனப்படுவது அதுவே. அவ்வாண்டிலேயே அமெரிக்க நாட்டு மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் தன் பாடங்களை எல்லார்க்கும் திறந்து வைக்கப் போவதாக அறிவித்தது. நம் நாட்டு இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களும் பெங்களூர் இந்திய அறிவியற் கழகமும் கூடித் தம் வகுப்புப் பாடங்களை ஒளிப்படமாக்கி வெளியிட்டு வருகின்றன.

விலையின்றிப் பார்க்க விடுவது மட்டும் திறத்தல் ஆகாது. படியெடுக்கவும், பிறர்க்கு அளிக்கவும், மொழிபெயர்க்கவும், தம் மாணவர்க்கு ஏற்ப மாற்றவும் இசைவு வேண்டும். ஆக்கியோன் பெயரை மறவாது குறித்தல் வேண்டும். இவ்விசைவை முன்னரே எழுதி வைக்கும் பொது உரிமங்கள் 2002 முதல் வழக்கில் உள்ளன. அணைக்கட்டுகளைப் பற்றிய பொறியியற் பாடம் ஒன்று ஆங்கிலத்தில் உள்ளதெனக் கொள்வோம். உரிமம் இடங்கொடுக்குமாயின், தஞ்சையிலுள்ள ஆசிரியர் அதனைத் தமிழாக்கி, அயல்நாட்டு அணைக்கு மாற்றாகக் கல்லணையை எடுத்துக்காட்டாக வைக்கலாம். விலைமிக்க நூலை வாங்க இயலாத உழவர் வீட்டுப் பிள்ளைக்கு அப்பாடம் கைக்கு எட்டும்; தன் ஊர் ஆற்றையும் அவன் அதிற் காண்பான்.

இதற்கு ஆசிரியர் சிலர் தயங்குகின்றனர். தம் குறிப்புகளைப் பிறர் தமதெனக் கொள்வர் என்பது ஓர் அச்சம். தம் பிழை ஊரறிய வெளிப்படும் என்பது மற்றோர் அச்சம். முன்னது நியாயமானதே, அதற்காகவே பெயர் குறிக்கும் கட்டுப்பாடு உரிமத்தில் உள்ளது. பின்னதை நான் ஏற்பதற்கில்லை. ஏட்டில் ஒளிந்திருக்கும் பிழை ஆண்டுதோறும் அறுபது மாணவர்க்குச் செல்லும். வெளியில் வந்த பிழையை எவரேனும் ஒருவர் திருத்துவர்.

மாணவர் எழுதும் கட்டுரைகளின் நிலையும் எண்ணத்தக்கது. மதிப்பெண் இட்டவுடன் அவை பழந்தாள் கடையைச் சென்று சேர்கின்றன. எழுதியவனும் ஆசிரியரும் தவிர வேறு எவரும் அவற்றைப் படித்திலர். அம்முயற்சியையே பிறர்க்குப் பயன்படுமாறு அமைத்தல் கூடும். 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் எவரும் எழுதலாம், எவரும் திருத்தலாம். ஆங்கு எழுதுவோர் சான்று காட்டுதல் வேண்டும். ஆதலின் நூலகம் செல்லும் பழக்கமும் உடன் வளரும்.

காவிரிப் படுகையிலுள்ள கல்லூரி மாணவர் இவ்வூர் வேளாண் சொற்களைத் தொகுக்கலாம். குறுவை, சம்பா, தாளடி என்னும் பருவங்களை நூலில் காணலாம். நாற்றங்கால் முதல் களத்துமேடு வரை வழங்கும் சொற்களோ இன்னும் பல. அவற்றுட் பெரும்பகுதி முதிய உழவர் நாவிலும், நடவு நடும் பெண்டிர் நாவிலும் மட்டுமே உள்ளன. நடவுப் பொறி வந்தபின் அச்சொற்களைக் கேட்பதும் அரிதாகி வருகிறது. சமணர் இல்லத்து வாயிலில் சாமிநாதையர் நின்றதுபோல, மாணவர் அவர்தம் வரப்பில் சென்று நின்று கேட்டல் வேண்டும். இவ்வாண்டு வகுப்பார் தொகுத்ததை அடுத்த ஆண்டு வகுப்பார் சரிபார்த்து விரிக்கலாம். சொல் தந்த உழவர் இசைந்தால் அவர் பெயரையும் அருகில் எழுதலாம்.