மீன்தொட்டியும் கீழ்த்தொட்டியும்

ஆற்றிலும் குளத்திலும் வாழும் மீனுக்கு நீர் அளவிறந்தது. இல்லத்துக் கண்ணாடித் தொட்டியில் வாழும் மீனுக்கோ சில குடங்களே உலகம். உண்பதும் கழிப்பதும் அச்சிறு நீரிலேயே. மீன் தன் செவுள்களின் வழியே அமோனியாவை இடைவிடாது வெளியிடுகின்றது. எஞ்சிய இரை அழுகுவதாலும் அது பெருகும். பளிங்குபோல் தெளிந்த நீரும் இந்நஞ்சு மிகின் மீனைக் கொல்லும். ஆதலின் நீரைத் தெளிவித்தல் வேறு, தூய்மை செய்தல் வேறு என்பதை முதற்கண் உணர்தல் வேண்டும்.

தூய்மை செய்வன யாவை? கண்ணுக்குப் புலனாகா நுண்ணுயிர்களே. அவற்றுள் ஒருசாரன அமோனியாவை நைட்ரைட்டு ஆக்கும். மற்றொரு சாரன அதனை நைட்ரேட்டு ஆக்கும். நைட்ரைட்டும் நஞ்சே; நைட்ரேட்டு அத்துணைக் கொடியதன்று. இவ்வுயிர்கள் பற்றி வாழ இடமும், பிராணவாயு நிறைந்த நீரோட்டமும் வேண்டும். அவற்றை அளிப்பதே ‘சம்ப்’ என வழங்கும் கீழ்த்தொட்டியின் பயன்.

இம்முறை புதியதன்று. 1871-ஆம் ஆண்டு லண்டன் கிறிஸ்டல் பாலஸில் திறக்கப்பெற்ற மீன்காட்சிச்சாலையில், வில்லியம் ஆல்ஃபோர்டு லாயிடு என்பார், காட்சித் தொட்டிகளினும் பெரியதொரு நீர்த்தேக்கத்தைக் கீழே இருளில் அமைத்து, பம்புகளால் நீர் ஓயாது சுற்றிவரச் செய்தார்.

இனி, இல்லத்தில் அமைக்கும் முறை. மேல்தொட்டியில் நிரம்பி வழியும் நீர் குழாய் வழியே கீழ்த்தொட்டியை அடையும். அதனைக் கண்ணாடித் தடுப்புகளால் மூன்று அறைகளாக்குக. முதலறையில் பஞ்சு கசடுகளைத் தடுக்கும். இரண்டாம் அறையில் நுண்துளை மிக்க பீங்கான் வளையங்கள் நுண்ணுயிர்க்கு உறைவிடமாகும். மூன்றாம் அறையிலுள்ள பம்பு நீரை மேலேற்றும்.

மின்சாரம் நின்றால் யாது நிகழும்? மேல்தொட்டியின் நீர் கீழிறங்கும். 90 செ.மீ. நீளமும் 45 செ.மீ. அகலமும் உள்ள தொட்டியில் 5 செ.மீ. இறங்கினால் ஏறக்குறைய 20 லிட்டர் ஆகும். கீழ்த்தொட்டியின் உள்ளளவு 60, 30, 30 செ.மீ. எனக் கொள்வோம். அதில் 20 செ.மீ. உயரம் நீர் நின்றால் 18 லிட்டருக்கே இடமுண்டு; எஞ்சியது தரையில் பெருகும். 15 செ.மீ. நின்றாலோ 27 லிட்டர் கொள்ளும். மேலும், நீரேற்றும் குழாயில் நீர்மட்டத்திற்குச் சற்றுக் கீழே சிறு துளையிட்டால், அதன் வழியே காற்றுப் புகுந்து நீர் மேன்மேலும் இறங்குவதைத் தடுக்கும்.

நிற்க. அமைத்ததைத் திருத்துங்கால் இன்னும் விழிப்பு வேண்டும். பெரிய பம்பை வைக்குமுன், வடியும் குழாய் அந்நீரைத் தாங்குமா என்று நோக்குக. பழைய வளையங்களை அழுக்கென்று ஒருசேர எறிதலும், குளோரின் கலந்த குழாய்நீரில் கழுவுதலும் தகா. நுண்ணுயிர்கள் மடியும், சின்னாளில் மீன்களும் மடியும். தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே அவற்றை அலசுக. புதியனவற்றைப் பழையவற்றின் அருகே வைத்து, நான்கு அல்லது ஆறு வாரம் கழித்துப் பழையவற்றைச் சிறிது சிறிதாக நீக்குக.

கீழ்த்தொட்டி உண்டென்று நீர் மாற்றுதலை விடலாகாது. நைட்ரேட்டு சேர்ந்துகொண்டே இருக்குமாதலின், தொட்டிநீரில் ஒரு பகுதியை அவ்வப்போது மாற்றுதல் வேண்டும். மீன் வளர்க்க விழைவோர், மீனுக்கு முன்னர் இக்காணா உயிர்களை வளர்க்கக் கற்பாராக.