துருப்பிடித்த நட்டோடு மல்லுக்கட்டாதீர்கள்

நமது தோட்டங்களில் கொழுந்து லொறி, டிராக்டர், பழைய டிரக் என்று வாகனங்களை நம்பிப் பிழைக்கும் குடும்பங்கள் பல உண்டு. சிலர் கடன்பட்டு சொந்தமாகவே ஒரு பழைய லொறி வாங்கி ஓட்டுகிறார்கள். சின்னச் சின்ன ரிப்பேர்களுக்கு கராஜுக்குப் போனால் காசு கட்டுப்படியாகாது என்று தம்பிமார் தாங்களாகவே ஸ்பேனரை எடுத்துக்கொள்கிறார்கள். அது நல்ல விஷயம்தான். ஆனால் இந்த வேலையில் ஆளைக் காயப்படுத்துவது பெரும்பாலும் எஞ்சின் இல்லை, கழலாமல் பிடித்துக்கொண்ட ஒரு நட்டுதான். அதை எப்படிக் கழட்டுவது, எந்த இடத்தில் கையை எடுத்துவிட வேண்டும் என்பதை இந்த முறை பார்ப்போம்.

ஏன் இறுகிப் போகிறது?

இரும்பும் தண்ணீரும் காற்றும் சேர்ந்தால் துரு. துரு இரும்பைவிட அதிக இடம் பிடிக்கும். போல்ட்டின் மரைக்கும் நட்டின் மரைக்கும் நடுவில் இருக்கிற மெல்லிய இடைவெளியில் துரு ஊதி நிரம்பிவிட்டால், இரண்டும் ஒரே இரும்பு மாதிரி ஒட்டிக்கொள்ளும். யட்டியாந்தோட்டை, கித்துல்கலைப் பக்கம் மழைக்குக் குறைவில்லை. அதோடு தோட்டத்து மண் ரோட்டுச் சேறு அடியில் ஒட்டி, நாள் கணக்கில் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும்.

இதற்கு மேலே இன்னும் இரண்டு சங்கதி உண்டு. தேயிலைக்குப் போடும் உரம் உப்புச் சாதி. லொறியில் உரம் ஏற்றி இறக்கிவிட்டுக் கழுவாமல் விட்டால் அந்த உப்பு இரும்பை வேகமாகத் தின்னும். இறப்பர் பால் உறையவைக்கும் ஃபார்மிக் அசிட் சிந்தினாலும் அதே கதிதான். ஆகவே உரமோ அசிட்டோ ஏற்றிய அன்றைக்கே லொறியின் அடிப்பக்கத்தைத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். பிற்பாடு படப்போகிற பாதிக் கஷ்டம் அதிலேயே போய்விடும்.

முதலில் பாதுகாப்பு

லொறியைச் சமதரையில் நிறுத்துங்கள். ஹேன்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். சக்கரம் கழட்டுவதாக இருந்தால், ஜாக்கி போடுவதற்கு முன்பே, சக்கரம் தரையில் இருக்கும்போதே, நட்டுகளை அரைச் சுற்றுத் தளர்த்திவிட வேண்டும். ஜாக்கியில் நிற்கிற லொறியில் பைப்பைப் போட்டு இழுத்தால் லொறியே சரிந்து வரும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்கக் கூடாது. உறுதியான ஸ்டாண்டோ, கனமான மரக்கட்டையோ முட்டுக்கொடுத்த பிறகுதான் உள்ளே போக வேண்டும். செங்கல்லும் கருங்கல்லும் திடீரென்று பிளந்துவிடும், அவற்றை வைக்காதீர்கள்.

எந்தப் பக்கம் திருப்புவது?

சாதாரண நட்டு, போத்தல் மூடி திறப்பது போல, கடிகார முள்ளுக்கு எதிர்ப்பக்கம் திருப்பினால் கழலும். ஆனால் பழைய லொறிகளிலும் பல ஜப்பான் டிரக்குகளிலும் இடது பக்கச் சக்கரங்களுக்கு, அதாவது கிளீனர் பக்கத்துச் சக்கரங்களுக்கு, இடது மரை போட்டிருப்பார்கள். ஓட்டத்தில் நட்டு தானாகத் தளராமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடு. அதை வழக்கமான பக்கம் திருப்பினால் இன்னும் இறுகும். பைப் போட்டு இரண்டு பேர் இழுத்தால் ஸ்டட் முறியும். போல்ட்டின் முனையிலோ நட்டிலோ 'எல்', 'ஆர்' என்ற எழுத்து அடித்திருக்கிறதா என்று துடைத்துப் பாருங்கள். எழுத்து தெரியாவிட்டால் வெளியே நீட்டியிருக்கும் மரை எந்தப் பக்கம் சாய்ந்து ஓடுகிறது என்று வலது பக்கச் சக்கரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

கழட்டும் முறை

1. வெளியே தெரியும் மரையைக் கம்பி பிரஷ்ஷால் நன்றாகச் சுத்தம் செய்யுங்கள். சேறும் துருவும் இருந்தால் எண்ணெய் உள்ளே போகாது, நட்டும் அந்த இடத்தைத் தாண்டி வராது.

2. எண்ணெய் விடுங்கள். கடையில் விற்கும் ஸ்ப்ரே இருந்தால் நல்லது. டபிள்யூ.டி.-40 என்று எல்லோருக்கும் தெரிந்த ஸ்ப்ரே 1953 இல் அமெரிக்காவில் ஈரத்தை விரட்டித் துருவைத் தடுப்பதற்காகச் செய்யப்பட்டது. அது இல்லாவிட்டால் டீசலிலோ மண்ணெண்ணெயிலோ கொஞ்சம் எஞ்சின் ஒயில் கலந்து விடலாம். மெல்லிய எண்ணெய்தான் இடுக்கில் ஊறும். கிரீஸ் ஊறாது. பிரேக் லைனிங்கிலும் இறப்பர் ஹோஸிலும் எண்ணெய் படக்கூடாது.

3. பொறுத்திருங்கள். சாயந்திரம் எண்ணெய் விட்டு, ராத்திரி படுக்கப் போகுமுன் இன்னொரு தடவை விட்டு, காலையில் கை வையுங்கள். இந்த வேலையில் முக்கால் பங்கு பொறுமைதான்.

4. தட்டுங்கள். நட்டின் ஒரு பக்கத்தில் கனமான இரும்பை அண்டைக்கொடுத்து, மறுபக்கத்தில் சுத்தியலால் அளவாகத் தட்டினால் அதிர்ச்சியில் துரு உடையும். எண்ணெய் இன்னும் உள்ளே இறங்கும். மரையின் மேல் மட்டும் அடிக்க வேண்டாம்.

5. சரியான அளவு ரிங் ஸ்பேனரோ சொக்கெட்டோ போடுங்கள். திறந்த வாய் ஸ்பேனர் நட்டின் மூலையை மழுங்கடிக்கும். முதலில் இறுக்குகிற பக்கம் ஒரு சொட்டு அசைத்துப் பார்த்து, பிறகு கழட்டுகிற பக்கம் திருப்புங்கள். அசைந்துவிட்டால் ஒரேயடியாக இழுக்காதீர்கள். கால் சுற்று கழட்டி, கொஞ்சம் திரும்ப இறுக்கி, எண்ணெய் விட்டு, மறுபடி கழட்டுங்கள்.

6. ஸ்பேனருக்குப் பைப் போட்டு நீளம் இரண்டு மடங்கானால் பலமும் இரண்டு மடங்கு. பெரிய போல்ட்டுக்கு அது சரி, விரல் பருமன் கூட இல்லாத சின்ன போல்ட் தாங்காது. நட்டு சுற்றாமல் இறப்பர் மாதிரி முறுகுகிறதாகக் கையில் பட்டால் உடனே நிறுத்துங்கள். போல்ட் முறியப் போகிறது என்று அர்த்தம். ஸ்பேனர் நழுவினால் முகம் எங்கே போய் மோதும், கை எதில் இடிக்கும் என்று பார்த்து நில்லுங்கள்.

சூடு காட்டுவது

இரும்பு சூட்டில் விரியும். 20 மில்லிமீட்டர் நட்டை 200 பாகை சூடாக்கினால் ஏறக்குறைய 0.05 மில்லிமீட்டர் விரியும். தலைமயிர் பருமன்தான், ஆனால் துருவின் பிடி விடுவதற்கு அது போதும். நட்டை மட்டும் சூடாக்க வேண்டும், போல்ட்டை அல்ல. சூடான நட்டின் ஓரத்தில் மெழுகுவர்த்தியைத் தொட்டால் மெழுகு உருகி மரைக்குள் இறங்கும். அதுவும் நல்ல உபாயம். ஸ்ப்ரேயோ மண்ணெண்ணெயோ விட்ட இடத்தை நன்றாகத் துடைத்துக் காயவிடாமல் நெருப்பைக் கிட்டக் கொண்டுபோகாதீர்கள்.

ஒன்றை மறக்கவே கூடாது: டயர் மாட்டியிருக்கும் சக்கரத்தின் நட்டுக்கும் ரிம்முக்கும் ஒருக்காலும் நெருப்புக் காட்டாதீர்கள். ரிம் சூடானால் டயரின் உள்பக்க இறப்பர் வெந்து வாயுவாகி, டயர் குண்டு மாதிரி வெடிக்கும். நெருப்பை எடுத்துக் கொஞ்ச நேரம் கழித்தும் வெடிக்கலாம், பக்கத்தில் நிற்கிற ஆளைக் கொல்லும். டீசல் டேங்க், பிரேக் பைப், ஷொக் அப்சோர்பர் பக்கத்திலும் நெருப்பு வேண்டாம். அதேபோல லொக் ரிங் போட்ட ரிம்மில் காற்றை முழுதாக இறக்காமல் வளையத்தைத் தொடாதீர்கள்.

எதற்கும் மசியவில்லை என்றால் நட்டை ஹெக்ஸோவால் அறுத்தோ, இரும்பு உளியால் பிளந்தோ எடுத்துவிடுங்கள். அப்போது கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், பொறி தெறித்தால் கண் போய்விடும். நட்டு கொஞ்சக் காசு. கண்ணும் கையும் அப்படியல்ல. ஸ்டட் உள்ளேயே முறிந்துவிட்டால் பாஸிடம் கொண்டுபோங்கள். அதைத் துளைபோட்டு எடுப்பது பட்டறை வேலை.

திரும்ப மாட்டும்போது

போல்ட்டின் தலையில் 8.8, 10.9 என்று இலக்கம் இருக்கும். 8.8 என்றால் ஒரு சதுர மில்லிமீட்டர் ஏறக்குறைய 80 கிலோ இழுவையைத் தாங்கும், 10.9 என்றால் 100 கிலோ. கையில் கிடைத்த மலிவு போல்ட் அதில் பாதிதான் தாங்கும். ஸ்பிரிங் பிளேட், பிரேக், ஸ்டியரிங், புரொப்பெல்லர் ஷாஃப்ட் ஆகியவற்றுக்கு அதே இலக்கப் போல்ட்டைத்தான் போட வேண்டும். சிவக்கச் சூடு காட்டியதைத் திரும்பப் போடக்கூடாது.

வீல் நட்டுகளை வரிசையாக இறுக்காமல் எதிரெதிராக இறுக்குங்கள். 50 கிலோமீட்டரிலிருந்து 100 கிலோமீட்டருக்குள் ஓடினதும் நிறுத்தி மறுபடி இறுக்கிப் பாருங்கள். கினிகத்தேனை ஏற்றத்தில் ஆட்களோடு போகிற லொறிக்கு ஒரு சக்கரம் கழன்றால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

கடைசியாக இரண்டு வார்த்தை. கண்ணில் எண்ணெயோ டீசலோ பட்டால் கசக்காமல் 15 நிமிஷம் சுத்தத் தண்ணீரில் கழுவி, டிஸ்பென்சரிக்கு வாருங்கள். கழிவு எண்ணெயைப் பீலிப் பக்கம் ஊற்றாதீர்கள், அந்தத் தண்ணீரைத்தான் நம் பிள்ளைகள் குடிக்கிறார்கள். தோட்ட வாகனத்தில் வேலை செய்யும்போது காயம் பட்டால் சின்னதென்று மறைக்காமல் அன்றைக்கே தோட்டத்துப் புத்தகத்தில் பதியச் சொல்லுங்கள். 1934 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் நட்டஈடு கேட்க நேர்ந்தால் அந்தப் பதிவுதான் கைகொடுக்கும்.