ஒரு கேள்வி, மூன்று பதில்

காவிரி டெல்டாவில் நடவு முடிந்து, களையெடுப்பு இன்னும் தொடங்காத ஒரு வாரம். கூலி வேலைக்குப் போகும் ஒரு பெண்ணை மனத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். திங்கட்கிழமை, விட்டுப்போன இடங்களில் நாற்று ஊன்ற முழுநாள் வேலை கிடைத்தது. புதன்கிழமை மூன்று மணி நேரம் வரப்பில் புல் அறுத்தார். மற்ற நாட்களில் யார் கூப்பிட்டாலும் போகத் தயாராக இருந்தார், யாரும் கூப்பிடவில்லை. இவருக்கு வேலை இருக்கிறதா, இல்லையா?

இந்தியப் புள்ளியியலில் இதற்கு மூன்று பதில் உண்டு. முதல் அளவுகோல் ஓர் ஆண்டு முழுவதையும் பார்க்கிறது. அந்த 365 நாளில் துணைவேலையாகவேனும் 30 நாள் உழைத்திருந்தால் போதும், அவர் வேலையில் இருப்பவர். இரண்டாவது, கடந்த ஏழு நாளைப் பார்க்கிறது. அதில் ஏதாவது ஒரு நாளில் ஒரு மணி நேரம் உழைத்திருந்தாலே வேலையில் இருப்பவர்தான். மூன்றாவது அளவுகோல் ஒவ்வொரு நாளையும் இரண்டாக வெட்டி, அரை அரை நாளாக எண்ணுகிறது. நான்கு மணி நேரமோ அதற்கு மேலோ என்றால் முழுநாள், ஒரு மணி நேரமாவது உழைத்து நான்குக்குக் குறைந்தால் அரைநாள். அப்படி எண்ணும்போதுதான் நம் பெண்ணின் வாரம் வெளிச்சத்துக்கு வருகிறது: ஒன்றரை நாள் வேலை, ஐந்தரை நாள் வேலையின்மை. முதல் இரண்டு கணக்கிலும் அவருக்கு ஒரு குறையும் இல்லை!

இந்த மூன்று அளவுகோல்களும் சும்மா வந்துவிடவில்லை. மாதச் சம்பளமும் ஆலைச் சங்கும் உள்ள நாடுகளுக்குப் பொருந்திய அளவுகோல், ஒரே ஆள் காலையில் சொந்த வயலிலும் மாலையில் அடுத்தவர் வயலிலும் உழைக்கும் நாட்டுக்குப் பொருந்தவில்லை. எம்.எல். தாந்த்வாலா தலைமையிலான நிபுணர் குழு 1970-இல் இதை எடுத்துச் சொன்னது. 1972-73 தேசிய மாதிரி ஆய்வில் மூன்றும் நடைமுறைக்கு வந்தன. 2017 முதல் காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பு நடக்கிறது. அதன்படி 2023-24-இல் 15 வயது நிரம்பியோரிடையே வேலையின்மை ஆண்டுக் கணக்கில் 3.2 சதவீதம், அதே மக்களிடம், அதே கணக்கெடுப்பில், வாரக் கணக்கில் 4.9 சதவீதம்.

இந்தச் சதவீதம் எதிலிருந்து எடுக்கப்படுகிறது என்பதும் முக்கியம். வேலை செய்பவர்கள், வேலை தேடுபவர்கள் அல்லது கிடைத்தால் செய்யத் தயாராக இருப்பவர்கள், இவர்கள் சேர்ந்ததுதான் தொழிலாளர் படை. மாணவர்களும் வீட்டுவேலை மட்டும் பார்ப்பவர்களும் அதற்கு வெளியே. ஓர் ஊரில் 100 பேர். 50 பேருக்கு வேலை உண்டு, 10 பேர் தேடுகிறார்கள். அறுபதில் பத்து, அதாவது 16.7 சதவீதம். தேடிச் சலித்த ஐந்து பேர் "இனி வேண்டாம், வீட்டைப் பார்த்துக்கொள்கிறேன்" என்று ஒதுங்கிவிட்டால்? ஐம்பத்தைந்தில் ஐந்து: 9.1 சதவீதம். ஒரு வேலைகூட உருவாகவில்லை; வேலையின்மை மட்டும் ஏறத்தாழப் பாதியளவு இறங்கிவிட்டது. சிலர் நம்பிக்கை இழந்ததையும் முன்னேற்றம் போலக் காட்டக்கூடியது இந்த எண்.

வேலையின்மை ஒரே நோயும் அல்ல. நடவுக்கும் களைக்கும் நடுவே கை சும்மா இருப்பது பருவகால வேலையின்மை. நடவு இயந்திரம் வந்து ஆட்களின் இடத்தைப் பிடித்தால் அது தொழில்நுட்ப வேலையின்மை. ஒரு வேலையை விட்டு இன்னொன்றைத் தேடும் இடைவெளி பிறழ்ச்சி வேலையின்மை. ஊரெங்கும் வாங்குவோர் குறைந்து கடைகளும் ஆலைகளும் ஆட்களைக் குறைப்பது சுழற்சி வேலையின்மை. பருவத்துக்கு மாற்றுவேலை வேண்டும், இயந்திரத்துக்குப் புதுப் பயிற்சி வேண்டும். நோய் தெரியாமல் கொடுக்கும் மருந்து வீண்.

எல்லாவற்றிலும் கண்ணுக்குத் தப்புவது மறைமுக வேலையின்மை. 1930-களின் பொருளாதாரப் பெருமந்த காலத்தில் ஆலைவேலை இழந்தவர்கள் கிடைத்த சில்லறைத் தொழிலில் ஒதுங்கியதைக் கண்டு, 1936-இல் பொருளியலாளர் ஜோன் ராபின்சன் இந்தப் பெயரை வைத்தார். மூன்று பேர் செய்யக்கூடிய வேலையை ஐந்து பேர் பகிர்ந்துகொள்ளும் சிறு நிலத்தையும் பின்னாளில் இந்தப் பெயராலேயே அழைத்தார்கள். அங்கே ஐவரும் வேலையில் இருப்பவர்களாகவே எண்ணப்படுகிறார்கள். குடும்பத் தொழிலில் கூலி வாங்காமல் உதவுபவர்களும் அப்படித்தான். 2023-24-இல் வேலையில் இருந்தோரில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் இப்படிக் கூலியில்லாமல் உதவுபவர். சேமிப்பு உள்ளவர்தான் நல்ல வேலைக்காகக் காத்திருக்க முடியும். அன்றாடங்காய்ச்சிக்கு வேலையில்லாமல் இருக்கக்கூட வசதி கிடையாது. அதனால் குறைந்த வேலையின்மை என்பது நிறைந்த வாழ்வுக்குச் சான்று ஆகாது.

2025 முதல் வேலையின்மைச் சதவீதம் மாதந்தோறும் வெளியாகிறது. அடுத்த முறை செய்தியில் பார்க்கும்போது மூன்று கேள்வி கேளுங்கள்: எந்த அளவுகோல்? தொழிலாளர் படையில் எத்தனை பேர்? அவர்களில் கூலியில்லாமல் உழைப்பவர் எத்தனை பேர்? இன்னொன்றும் சொல்ல வேண்டும். கணக்கெடுப்பாளர் உங்கள் வீட்டுக்கே வந்தால், வீட்டுப் பெண்களைப் பற்றி "அவங்க சும்மா வீட்லதான் இருக்காங்க" என்று சொல்லி அனுப்பிவிடாதீர்கள். பால் கறந்த நேரத்தையும் கடையில் உட்கார்ந்த நேரத்தையும் நினைவுபடுத்திச் சொல்லுங்கள். நாட்டின் கணக்கு அந்தப் பதிலில் இருந்துதான் தொடங்குகிறது.