பழைய பைபர் படகில் மறைந்துள்ள சேதங்களைக் கண்டறிதல்

மீனவர்களிடையே பைபர் படகு என வழங்கும் கண்ணாடியிழைப் படகின் சேதம் பெரும்பாலும் மேற்பூச்சுக்கு அடியில் மறைந்திருக்கும். எனவே வாங்குமுன் படகைக் கரையேற்றி, உலர்ந்த பிறகு பார்க்க வேண்டும். அண்மையில் வண்ணம் அடித்த படகு என்றால் கூடுதல் கவனம் தேவை.

அடிப்பகுதியைப் பிளாஸ்டிக் சுத்தியலால் தட்டினால் நல்ல இடம் கணீரென ஒலிக்கும். அடுக்குகள் பிரிந்த இடமும் நீர் ஊறிய இடமும் மந்தமாக ஒலிக்கும். ஒரு புள்ளியிலிருந்து சிலந்திவலை போலப் பரவும் விரிசல் பெரும்பாலும் மோதலின் அடையாளம். அதே இடத்தை உட்புறமும் பார்க்க வேண்டும். கொப்புளத்தைக் குத்தும்போது வினிகர் வாடையுள்ள நீர் வந்தால், பிசினுக்குள் நீர் புகுந்துவிட்டது என்று பொருள். அந்நீர் தெறிக்கக்கூடும், கண்களுக்குப் பாதுகாப்பு அவசியம்.

அதிகச் செலவு வைப்பது பின்பலகை. வெளிப்பொருத்து இயந்திரத்தைத் தாங்கும் இப்பகுதியில், பல படகுகளில் இழை அடுக்குகளுக்கு நடுவே ஒட்டுப்பலகை இருக்கும். திருகாணித் துளை வழியே இறங்கும் நீர் அதை உள்ளேயே மக்கச் செய்யும். வெளிப் பளபளப்பு குறையாது. இயந்திரத்தின் கீழ்ப்பகுதியைப் பிடித்து மேலும் கீழும் அசைக்கும்போது பின்பலகை நெளிந்தால் உள்ளே மக்கியிருக்கலாம். நடுக்கடலில் அது பிளந்தால் இயந்திரமும் போகும், நீரும் உள்ளே பாயும். இயந்திரத்தைக் கழற்றித் துளைகளைக் காட்ட விற்பவர் மறுத்தால் விலை பேசாமல் திரும்புவதே நல்லது.