கைப்பையில் வேல் வேண்டாம்

ஊருக்குக் கிளம்பும் வாரத்தில் சிராங்கூன் சாலையில் வாங்கிக் குவிப்பவை நமக்குத் தெரியும்: கோடாலித் தைலம், குத்துவிளக்கு, பூசைச் சாமான், உறவினருக்கு அல்வா. இவற்றில் எதுவும் குற்றமில்லை. ஆனாலும் சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் பை திறக்கப்படலாம்.

ஊடுகதிர்த் திரையில் உலோகம் நீலமாகவும், உணவு, துணி போன்றவை ஆரஞ்சாகவும் தெரியும். கனமான பித்தளை கதிரை மறித்துக் கரும்பாளமாக நிற்கும். பின்னால் இருப்பது தெரியாது. கட்டி அல்வாவும் சில வெடிபொருள்களும் திரையில் ஏறக்குறைய ஒரே நிறம். திறந்து பார்க்காமல் விட்டால்தான் சோதனை அதிகாரி கடமை தவறியவர் ஆவார்.

அதனால் அவர் கேட்கும்வரை காத்திருக்காதீர்கள். பையைத் தட்டில் வைக்கும்போதே, "உள்ளே பித்தளை விளக்கு இருக்கு, தனியா எடுத்து வைக்கட்டுமாங்க?" என்று கேளுங்கள். பாதிச் சோதனை அங்கேயே முடிந்துவிடும். பையைத் திறந்து பார்க்கிறார் என்றால் நீங்களாக உள்ளே கையை விடாதீர்கள். சாமி சாமான் என்றால் அதையும் சொல்லுங்கள், பார்த்துக் கையாளுவார்.

பலர் மாட்டிக்கொள்ளும் இடம் வேறு. சாங்கியின் 1, 2, 3ஆம் முனையங்களில் கைப்பைச் சோதனை விமானம் ஏறும் வாயிலில்தான் நடக்கிறது. அதற்குள் பெரிய பெட்டி போய்விட்டிருக்கும், வழியனுப்ப வந்தவர்களும் வீடு திரும்பியிருப்பார்கள். அங்கே வேலோ அலகோ அரிவாள்மணையோ அகப்பட்டால் பெரும்பாலும் விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். இவையெல்லாம் முதலிலேயே பெரிய பெட்டிக்குப் போகட்டும். நெய், ஊறுகாய், தைலம் ஆகியவை 100 மில்லிலிட்டருக்கு மேற்பட்ட பாட்டிலில் இருந்தால் கைப்பையில் செல்லாது. பயணத்துக்குத் தேவையான மருந்துக்கும் குழந்தை உணவுக்கும் விலக்கு உண்டு. மருத்துவர் சீட்டைக் கையில் வையுங்கள். பவர் பேங்க் கைப்பையில் மட்டும். கற்பூரம் எந்தப் பெட்டியிலும் கூடாது, எளிதில் தீப்பற்றும் பொருள் அது. திரும்பி வரும்போது அம்மா குருமாவுக்குக் கட்டிக்கொடுக்கும் கசகசாவையும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மத்திய போதைப்பொருள் ஒழிப்புப் பிரிவின் கட்டுப்பாட்டில் உள்ள பொருள் அது.

பணிவு என்றால் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவது அல்ல. உடலைத் தொட்டுச் சோதிப்பதென்றால் பெண்ணுக்குப் பெண் அதிகாரி, தனி அறை வேண்டும் என்று கேட்கலாம். பேஸ்மேக்கர் இருந்தால் கருவிக்குள் நுழையும் முன்பே சொல்லுங்கள். ஒரு பொருளை ஏன் தடுக்கிறார்கள் என்று விளக்கம் கேட்கலாம், மேலதிகாரியை அழைக்கச் சொல்லலாம்.

சொல்லவே கூடாதது ஒன்று இருக்கிறது. "உள்ளே என்ன?" என்றதும் "பாம்" என்று விளையாட்டுக்குக்கூடச் சொல்லாதீர்கள். 2024 அக்டோபர் 15 அன்று மதுரையிலிருந்து சிங்கப்பூர் வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானத்துக்கு மின்னஞ்சலில் வெடிகுண்டு மிரட்டல் வந்தது. சிங்கப்பூர் ஆகாயப் படையின் இரண்டு எஃப்-15 போர் விமானங்கள் அதைக் குடியிருப்புப் பகுதிகளிலிருந்து விலக்கி அழைத்துவந்தன. குண்டு எதுவும் இல்லை. பயணிகளின் வீட்டாருக்கு அந்த இரவு எப்படிக் கழிந்திருக்கும்? பொய் மிரட்டலுக்குச் சிங்கப்பூரில் 10 ஆண்டு வரை சிறை, 5,00,000 வெள்ளி வரை அபராதம், அல்லது இரண்டும்.

முறையற்று நடத்தப்பட்டதாக உணர்ந்தால் வாயிலில் நின்று வாதாட வேண்டாம், விமானம் போய்விடும். வாயில் எண், நேரம், நடந்தது மூன்றையும் உடனே குறித்துக்கொண்டு, ஊர் போய்ச் சேர்ந்ததும் விமான நிலைய நிர்வாகத்துக்கு எழுத்தில் புகார் அனுப்புங்கள்.