முகூர்த்த நேரத்தில் மூடிய செக்போஸ்ட்

கம்பம்மெட்டில் கல்யாணம் பேசுகிறவர்கள் ஜாதகம் பார்ப்பதோடு செக்போஸ்ட் திறந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டியிருக்கிறது. கீழே கம்பம், மேலே இடுக்கியின் ஏலத்தோட்டங்கள். கீழிருந்து தினமும் ஜீப்பில் மலையேறி வேலைக்கு வருவோர் ஏராளம். அத்தை இந்தப் பக்கம், மாமன் அந்தப் பக்கம் என்று உறவு பரவிய இடம். பெண் கொடுப்பதும் எடுப்பதும் மலை தாண்டித்தான்.

2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு பிரச்சினை முற்றியபோது குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழிகளில் போக்குவரத்து நின்றது. கார்த்திகை மாதம் வேறு! தாம்பூலத் தட்டுடன் புறப்பட நினைத்தவர்கள் வேறு நாள் பார்ப்பதைத் தவிர வழியில்லை.

2020-ல் கொரோனா வந்தது. பாஸ் இல்லாமல் எல்லை தாண்ட முடியாது. பாஸ் வாங்கிப் போனாலும், திரும்பினால் 14 நாள் வீட்டுக்குள் தனிமை. பெண்ணைப் பெற்றவர்கள் என்ன செய்வார்கள்? அந்த ஜூனில், இதே மாவட்டத்தில் மறையூருக்கு அப்பால் உள்ள சின்னாறு செக்போஸ்ட்டில் ஒரு வழி கண்டார்கள். மூணாறு பக்கத்துப் பெண், கோவை மாப்பிள்ளை. இரு வீட்டாரும் எல்லைக்கு வந்து, ரோட்டிலேயே திருமணத்தை முடித்தார்கள். மண்டபம் இல்லை, பந்தி இல்லை. சொந்தபந்தம் நிற்க வேண்டிய இடத்தில் செக்போஸ்ட் அதிகாரிகள் நின்றார்கள்.

எல்லை திறந்திருக்கும் காலத்திலும் தாலி ஏறியவுடன் வேலை முடிவதில்லை. பெண்ணின் பெயரைக் கேரள ரேஷன் கார்டிலிருந்து நீக்கிச் சான்று வாங்கினால்தான் புகுந்த வீட்டுக் கார்டில் சேர்ப்பார்கள்.